கறுப்புப் பெட்டியில் தெரிந்த பெயர்

உக்குவளை ரயில் நிலையத்துக்குச் சற்றுத் தள்ளியிருக்கும் அந்தப் பாடசாலையில் வருடத்துக்கு ஒரு தடவை விற்பனைச் சந்தை வைப்பார்கள். பிள்ளைகளின் தாய் தகப்பன்மார்தான் கடைக்காரர்கள். வரும்படியெல்லாம் பாடசாலைக்கு. இதில் யாருக்கும் தனிப்பட்ட இலாபம் கிடையாது. ஆனாலும் வாசல் கேட்டை ஒட்டிய கேட்டடிக் கடை யாருக்கு என்பதில் நடக்கும் போட்டியைப் பார்த்தால், மாத்தளை நகரில் ஒரு கடையறையையே எழுதிக் கொடுக்கப் போகிறார்கள் என்று நினைக்கத் தோன்றும். கேட் வழியே நுழைகிற சனம் முதலில் காண்பது அந்தக் கடையைத்தான். அங்கே இருப்பவருக்கு ஊரே சலாம் சொல்லிவிட்டுத்தான் உள்ளே போகும். அந்தப் பெருமைதான் காரணம்.

போட்டி என்றால் முக்கியமாக இரண்டு பேருக்கு. ஒருவர் மஸீஹா. கருப்பட்டியும் தேங்காய்ப்பாலும் சேர்த்து அவர் அவிக்கும் வட்டிலப்பத்துக்கு ஊரில் நல்ல பெயர். மற்றவர் மஸீஹாவின் தம்பி மனைவி பீபி. அவர் இறைச்சி வைத்துப் பொரிக்கும் ரோல்ஸ் சந்தை தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே முடிந்துவிடும். மதினிமார் இருவரும் ஒரே மதிலின் இரண்டு பக்கம் குடியிருந்தார்கள். மழை வருமா வராதா என்பதில்கூட ஒத்துப்போனதில்லை.

முன்பெல்லாம் பெயர்களைத் துண்டுக் கடதாசியில் எழுதி, பிஸ்கட் டின்னில் போட்டுக் குலுக்கி எடுப்பார்கள். போன வருடம் பீபியின் துண்டு வந்தது. அதோடு ஒரு கதையும் வந்தது. பீபி தன் துண்டை ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்து வந்தாராம். டின்னுக்குள் கைவிட்ட பிள்ளைக்கு, குளிர்ந்த துண்டை எடுக்கும்படி முதலே சொல்லி வைத்தாராம். கதையைக் கிளப்பியது யாரென்று ஊருக்குத் தெரியும். மஸீஹா மட்டும் தனக்கு ஒன்றும் தெரியாது என்றார்.

இந்த வருடம் பெற்றோர் சங்கத் தலைவர் ஜைனுதீன் ஹாஜியார், "டின் வேணாம், வேற ஏதும் வழி சொல்லுங்க" என்று கூட்டத்தில் கேட்டார். அப்போதுதான் பின் வரிசையிலிருந்து நிஷ்மியா கையைத் தூக்கினாள்.

நிஷ்மியா, லொறிக்கார மர்சூக்கின் மனைவி. இளையவளைப் பாடசாலையில் சேர்த்த கையோடு, சனிக்கிழமைகளில் மாத்தளைக்கு பஸ் ஏறி கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போகத் தொடங்கியிருந்தாள். சும்மா தட்டச்சு இல்லை. கம்ப்யூட்டருக்கு ஆணை எழுதுகிற ப்ரோக்ராமிங். வகுப்பில் மற்ற எல்லோரும் இப்போதுதான் பள்ளிப் படிப்பை முடித்த பிள்ளைகள். அவர்கள் அவளை 'ஆன்ட்டி' என்று கூப்பிடுவதை அவள் இன்னும் மன்னிக்கவில்லை.

"நான் ஒரு ப்ரோக்ராம் எழுதித் தாறேன் ஹாஜியார். பட்டனத் தட்டினா அதுவே ஒருத்தரத் தெரிஞ்செடுக்கும். கம்ப்யூட்டருக்கு மாமா மச்சான் கிடையாதே."

கூட்டம் வாயைப் பிளந்தது. மர்சூக்குக்கு நெஞ்சு ஒரு சாண் விரிந்தது. ஹாஜியாருக்கு ஒரு பாரம் இறங்கியது. அதே நேரம் ஏறக்குறைய அதே எடையுள்ள பாரம் நிஷ்மியாவின் தலையில் ஏறியது. ஏனென்றால் அதுவரை அவள் எழுதிய ப்ரோக்ராம்களில் மிகப் பெரியது, தன் பெயரைத் திரையில் காட்டுகிற ஒன்றுதான்.

அடுத்த இரண்டு சனிக்கிழமையும் அவள் மதியச் சாப்பாட்டை மறந்து வகுப்பில் உட்கார்ந்தாள். வகுப்பெடுக்கும் விஜேந்திரன் சேர், கண்ணை மூடிக்கொண்டு ஓர் எண்ணைப் பிடிக்கும்படி கம்ப்யூட்டருக்கு எப்படிச் சொல்வது என்று காட்டிக் கொடுத்தார். பெயர்களோடு பட்ட பாடு தனிக்கதை. தமிழில் எழுதினால் திரையில் வரிசையாகக் கேள்விக்குறிகள் வந்தன. ஆங்கிலத்தில் எழுதலாமென்றால் மஸீஹா என்ற ஒரு பெயரையே நாலு விதமாக எழுதலாம். எதை எழுதினாலும் மஸீஹா ராத்தா அது தன் பெயர் இல்லை என்பார். கடைசியில் அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தாள்.

ப்ரோக்ராம் அருமையாக ஓடியது. தட்டியதும் ஒரு கறுப்புப் பெட்டி திறக்கும். 'வாழ்த்துகள்' என்று ஆங்கில எழுத்தில் ஒரு வரி, கீழே முடிவு. அதற்கும் கீழே, தொடர ஏதாவது ஒரு விசையைத் தட்டவும் என்று ஆங்கிலத்தில் ஒரு வரி தானாகவே வந்து நிற்கும். அந்த வரியை அவள் எழுதவில்லை. கம்ப்யூட்டர் மரியாதைக்காகப் போடுகிறது போலும் என்று எண்ணிக்கொண்டாள். வீட்டில் கம்ப்யூட்டர் இல்லாததால் வகுப்பிலேயே திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்துவிட்டு, பென் டிரைவில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினாள்.

குலுக்கல் நாளன்று மாலைநேர அஸர் தொழுகை முடிந்த கையோடு பாடசாலை மண்டபம் நிறைந்துவிட்டது. கடை போடுகிறவர்களை விட வேடிக்கை பார்க்க வந்தவர்கள் அதிகம். விளையாட்டு ஆசிரியர் லெப்டொப்பைப் புரொஜெக்டரில் இணைத்து, சுவரில் வெளிச்சம் விழுகிறதா என்று பார்த்தார். முன் வரிசையில் ஒரு முனையில் மஸீஹா, மறு முனையில் பீபி. யாரோ போனைத் தூக்கி வீடியோ எடுக்கத் தொடங்கினார்கள்.

"பிஸ்மில்லாச் சொல்லித் தட்டுங்க மகள்" என்றார் ஹாஜியார்.

நிஷ்மியா பிஸ்மில்லாச் சொல்லி, பென் டிரைவில் இருந்த ப்ரோக்ராமின் மேல் இரண்டு தடவை தட்டினாள்.

சுவரில் ஒரு கறுப்புப் பெட்டி வந்தது. வெள்ளையாக ஏதோ மின்னியது. பெட்டி போய்விட்டது.

அவ்வளவுதான். கண்ணில் தூசி விழுந்து ஒரு தடவை சிமிட்டியிருந்தால், வந்ததே தெரிந்திருக்காது.

பிறகு இரண்டு முனையிலிருந்தும் ஒரே நேரத்தில் சத்தம் கிளம்பியது.

"என்ட பேரு! என்ட பேருதான் வந்தது!" என்று எழுந்து நின்றார் மஸீஹா.

"மதினிக்குக் கண்ணாடி மாத்தணும். பீபின்னு நல்ல தெளிவா விழுந்திச்சு" என்றார் பீபி.

நிஷ்மியாவின் கை தன்பாட்டில் இன்னொரு தடவை தட்டியது. பெட்டி வந்தது, மின்னியது, போனது. இப்போது நடு வரிசையிலிருந்த, அச்சாறு ஊறுகாய் விற்கும் பெண் ஒருத்தியும் எழுந்து, அது தன் பெயர் என்றாள். மூன்றாவது தடவை தட்டப்போன நிஷ்மியாவின் கையை ஹாஜியார் அவசரமாகத் தடுத்தார்.

"போதும் மகள், போதும். இன்னும் தட்டினா மண்டபத்தில உள்ள எல்லாருக்கும் கேட்டடிதான்."

வீடியோ எடுத்தவரைக் கூப்பிட்டார்கள். ஒரு பத்துத் தலைகள் போனுக்கு மேல் குனிந்தன. மெதுவாக ஓடவிட்டுப் பார்த்தார்கள். கறுப்புப் பெட்டி திறக்கிற சரியான அந்த நேரத்தில் ஹாஜியார் நன்றாகப் பார்ப்பதற்காக எழும்பியிருந்தார். வீடியோவில் அவரது வெள்ளைத் தொப்பி மட்டும் மிகத் தெளிவாக விழுந்திருந்தது.

நிஷ்மியா மெல்ல நழுவி, மண்டபத்துக்கு வெளியே தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போனாள். கண் கரித்துக்கொண்டு வந்தது. வகுப்பில் எத்தனை தடவை ஓட்டினாள்! ஒரு தடவையாவது இப்படி ஓடி ஒளிந்ததா? ஊரே பார்க்கிற நேரம் பார்த்துத்தான் இந்தச் சனியனுக்கு வெட்கம் வரவேண்டுமா? போனை எடுத்து விஜேந்திரன் சேரை அழைத்தாள்.

நடந்ததைக் கேட்டுவிட்டு அவர் சிரித்தார். "உங்க ப்ரோக்ராம்ல பிழை ஒண்ணுமில்லீங்க. அது ஓடிச்சு, வேலைய முடிச்சிச்சு, போயிருச்சு. வேலை முடிஞ்சா பெட்டியும் மூடிரும். நில்லுன்னு நீங்க சொல்லலியே?"

"வகுப்பில நின்னுச்சே சேர்?"

"வகுப்புல நீங்க எழுதுறதுக்கு வச்சிருக்கிற அந்த மென்பொருள்தான் பெட்டியப் பிடிச்சு வச்சிருந்திச்சு. ஏதாவது விசையத் தட்டச் சொல்லி ஒரு வரி வந்திச்சில்ல, அதுவும் அது போட்டதுதான். இங்க தனியா ஓடவிட்டீங்க. பிடிக்க ஆளில்ல."

"அப்ப இப்ப என்ன செய்ற? எழுதிச் சரி பண்ண இந்த லெப்டொப்பில அந்த மென்பொருளும் இல்லையே."

"தேவையில்ல. கறுப்புப் பெட்டிய முதல்ல நீங்களே திறந்து வையுங்க. அதுக்குள்ளாற ப்ரோக்ராம ஓடச் சொல்லுங்க. நீங்க திறந்த பெட்டி நீங்க மூடினாத்தான் மூடும். ப்ரோக்ராம் போனாலும் அது எழுதினது அப்படியே நிக்கும்."

எந்த எழுத்தைத் தட்டினால் பெட்டி திறக்கும், ப்ரோக்ராமை எப்படி இழுத்து அதற்குள் விடுவது என்று அவர் சொல்லச் சொல்ல, அவள் உள்ளங்கையில் பேனையால் எழுதிக்கொண்டாள்.

திரும்பி வந்தபோது மண்டபத்தில் விசாரணை நடந்துகொண்டிருந்தது. மஸீஹா சுவரின் முன்னால் நின்று, காற்றில் விரலால் எழுதிக் காட்டினார்.

"முதல்ல பெரிய எம். பொறகு ஏ. நடுவில ரெண்டு ஈ, ஒன்னுக்குப் பக்கத்தில ஒன்னு. நான் ரெண்டையும் கண்டேன். கடைசியில ஒரு ஏ. கொஞ்சம் சரிஞ்சாப்பில இருந்திச்சு."

"என்ட பேரில நாலே நாலு எழுத்து" என்றார் பீபி விட்டுக்கொடுக்காமல். "பி ஐ பி ஐ. மின்னின நேரத்துக்கு நாலு எழுத்துத்தான் வாசிக்க ஏலும். மதினிட நீட்டுப் பேர வாசிக்க நேரமிருந்திச்சா? நீங்களே சொல்லுங்க ஹாஜியார்."

அவரது வாதத்தில் நியாயம் இருப்பதாகச் சிலர் தலையாட்டினார்கள். மஸீஹாவுக்கு முகம் சிவந்தது.

"அப்ப நான் சத்தியம் பண்ணிச் சொல்றேன்…"

"வேணாம், வேணாம். சத்தியமெல்லாம் வேணாம்" என்று ஹாஜியார் இரண்டு கையையும் உயர்த்தினார்.

வாசலில் நின்ற நிஷ்மியாவுக்கு அப்போதுதான் உறைத்தது. பதற்றத்தில் எங்கேயோ போயிருந்த புத்தி ஓடி வந்து அதன் இடத்தில் உட்கார்ந்தது. அடிவயிற்றிலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பியது. முந்தானையை வாயில் வைத்து அடக்கிப் பார்த்தாள். முடியவில்லை.

"என்ன மகள் சிரிக்கிறீங்க?" என்றார் ஹாஜியார், சற்றுக் கோபமாகவே.

"மன்னிச்சிக்கோங்க ஹாஜியார். அந்தப் பெட்டியில யாருட பேரும் வாறதுக்கு வழியில்ல. நான் பேரே எழுதல்ல. ஆளுக்கொரு நம்பர்தான் குடுத்தேன். வாறது வெறும் நம்பர்."

மஸீஹாவின் விரல் காற்றில் இரண்டாவது ஈயின் மேல் அப்படியே நின்றது. பீபி தன் கைப்பைக்குள் எதையோ மும்முரமாகத் தேடத் தொடங்கினார். அச்சாறுக்காரி சத்தமில்லாமல் உட்கார்ந்தாள். பின் வரிசையில் யாரோ ஒருவர் முதலில் வெடித்தார். பிறகு மண்டபமே குலுங்கியது. சிரிப்பு அடங்க வெகு நேரம் பிடித்தது. அடங்கியபோது ஹாஜியார் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

இந்தத் தடவை நிஷ்மியா எதையும் அதன் போக்கில் விடவில்லை. முதலில் யாருக்கு என்ன நம்பர் என்று உரத்து வாசித்தாள். எல்லோரும் தங்கள் தங்கள் நம்பரைத் திருப்பிச் சொன்னார்கள். பிறகு உள்ளங்கையைப் பார்த்துப் பார்த்துக் கறுப்புப் பெட்டியைத் திறந்தாள். அது சுவரில் பெரிதாக, ஒன்றும் எழுதாமல், அசையாமல் நின்றது. ப்ரோக்ராமை இழுத்து அதற்குள் விட்டு, என்டரைத் தட்டினாள்.

வாழ்த்துகள். ஒன்பது.

நின்றது. மின்னவில்லை, மறையவில்லை. நிஷ்மியாவுக்கு அந்த ஒன்பதைக் கட்டிப்பிடித்துக் கொஞ்சவேண்டும் போலிருந்தது. "நிக்குது! நிக்குது!" என்று அவள் சிறுபிள்ளையாகக் கைதட்டினாள். யாரும் சேர்ந்து தட்டாததைக் கண்டு திரும்பிப் பார்த்தாள். சனமெல்லாம் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. அங்கே மர்சூக் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

ஒன்பது, மர்சூக்கின் நம்பர்.

தம்புள்ளைக்குச் சாமான் ஏற்றும் லொறி வைத்திருக்கிறானே, தம்பிலி என்ற செவ்விளநீர்க் குலை கொண்டுவந்து இளநீர்க்கடை போடட்டுமே என்று ஹாஜியார்தான் அவன் பெயரைச் சேர்த்திருந்தார். நிஷ்மியாவும் யோசிக்காமல் எல்லோருக்கும் போல அவனுக்கும் ஒரு நம்பர் கொடுத்திருந்தாள்.

"கம்ப்யூட்டருக்கு மாமா மச்சான் இல்லன்னாங்க" என்றார் பீபி நிதானமாக. "மாப்பிள்ள மட்டும் இருக்கு போல."

நிஷ்மியாவின் கை தவித்தது. பெட்டியை மூடிவிடலாம். ஆனால் ஊர் பார்த்துக்கொண்டிருக்கும்போது எப்படி மூடுவது? வேறு ஏதாவது விசையைத் தட்டிப் பார்த்தாள். ஒன்பது அப்படியே இருக்க, அதன் கீழே அவள் தட்டிய எழுத்துகள்தான் வரிசை வரிசையாக விழுந்தன. சற்று முன்வரை நிற்கமாட்டேனென்று ஓடியது, இப்போது போகமாட்டேனென்று சுவர் நிறைய நின்றது.

"எனக்கு வேணாம் ஹாஜியார்" என்று எழுந்தான் மர்சூக். "வேற ஆளுக்குக் குடுங்க. இல்லாட்டி இன்னொரு தரம் தட்டச் சொல்லுங்க."

"அதெப்படி?" மஸீஹாவின் குரல். "வந்தது வந்ததுதான். இஷ்டத்துக்குத் திரும்பத் திரும்பத் தட்டினா அதுக்குப் பேரு குலுக்கலா?"

இன்னொரு தடவை தட்டினால் பீபிக்கு வந்துவிடுமோ என்ற பயம்தான் அவருக்கு. ஆனால் சொன்னதில் நியாயம் இருந்தது. எல்லோரும் பீபியைப் பார்த்தார்கள். பீபியும் மஸீஹாவை ஒரு தடவை பார்த்தார். அவருக்கும் அதே கணக்குத்தான்.

"மதினி சொல்றது சரி" என்றார்.

மண்டபத்தில் இருந்த யாரும் அந்த மூன்று சொற்களை அந்த வாயிலிருந்து அதற்கு முன் கேட்டதில்லை. ஹாஜியார், அது மாறுவதற்குள் கூட்டத்தை முடித்துவிட வேண்டுமென்று அவசரமாக ஸலவாத்துச் சொன்னார்.

அன்றிரவு நிஷ்மியா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். "ஊர் என்ன நினைக்கும்? நான் வேணுமென்டே செஞ்சேன்னு சொல்லுவாங்க."

"சொல்லமாட்டாங்க" என்றான் மர்சூக். "கம்ப்யூட்டர ஏமாத்தத் தெரிஞ்சவள், முதல்ல அத நிக்கவைக்கத் தெரிஞ்சிருக்கமாட்டாளா?"

அது ஆறுதலா நக்கலா என்று அவளுக்குப் புரியவில்லை. ஆனால் அதற்குப் பிறகு சோறு இறங்கியது.

அடுத்த சனிக்கிழமை விஜேந்திரன் சேர், ப்ரோக்ராமின் கடைசியில் ஒரு வரியைச் சேர்த்துக் காட்டினார். என்டரைத் தட்டும்வரை காத்திரு என்பதுதான் அந்த வரியின் பொருள். இனி எங்கே ஓடவிட்டாலும் பெட்டி நிற்கும். வகுப்புப் பிள்ளைகள் கதையைக் கேட்டு மேசையில் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். சிரித்து முடிந்ததும் ஒருத்தி மெதுவாக, "ஆன்ட்டி, அந்த வரிய எனக்கும் காட்டுங்க. என்ட ப்ரோக்ராமும் ஓடிருது" என்றாள். நிஷ்மியா நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

சந்தை நாள் விடிந்ததே மழையோடுதான். மர்சூக்கும் நிஷ்மியாவும் கேட்டடியில், நீலத் தார்ப்பாயின் கீழ், தம்பிலிக் குலைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார்கள். குடையை விரித்துக்கொண்டு வந்த சனம் எல்லாம் அவர்களைத் தாண்டி நேரே மண்டபத்துக்கு ஓடியது. கொட்டுகிற மழையில் இளநீர் குடிக்க யாருக்கு மனம் வரும்? உள்ளே பீபியின் சூடான ரோல்ஸுக்கு அடிபிடி. வட்டிலப்பத்துக்கு வரிசை. பெருமைக்குரிய கடையில் ஓர் ஈகூட இல்லை. மழைக்கு ஈயும் உள்ளேதான் போயிருந்தது.

கொஞ்ச நேரத்தில் மஸீஹா குடையோடு வந்தார். கையில் ஒரு தட்டு. பாதியில் வட்டிலப்பம், பாதியில் ரோல்ஸ்.

"சாப்பிடுங்க புள்ள. குளிர்ல கிடந்து நடுங்குறீங்க. ரோல்ஸ் பீபி தந்தா" என்றவர், குரலைத் தாழ்த்தி, "இந்தமுறை மிளகாய அள்ளிக் கொட்டியிருக்கா. நான் ஒன்னும் சொல்லல்ல" என்றார்.

நிஷ்மியா ஒரு கடி கடித்தாள். காதிலிருந்து புகை வந்தது போலிருந்தது. மர்சூக் ஒரு முழு ரோல்ஸை வாயில் போட்டுவிட்டு, பேச்சில்லாமல் கத்தியை எடுத்து ஒரு தம்பிலியைச் சீவினான்.

அவன் குடித்து முடிக்கும்போது மழை விட்டது. முகில் விலகி வெயில் அடிக்க, ஈர நிலத்திலிருந்து ஆவி எழும்பியது. மண்டபத்திலிருந்து சனம் வெளியே வந்தது. வந்த அத்தனை பேரும் வாயைத் திறந்து விசிறிக்கொண்டு வந்தார்கள். நேரே கேட்டடிக்கு.

"ஒன்னு வெட்டுங்க நானா, சுறுக்கா!"

"எனக்கு ரெண்டு!"

மர்சூக்கின் கத்தி ஓயவில்லை. நிஷ்மியாவுக்கு ஒரு கையில் குலை, மறு கையில் சில்லறை. "ராத்தா, அந்த ஸ்ட்ரோ கட்ட எடுத்துக் குடுங்களேன்" என்று மஸீஹாவிடம் கெஞ்சினாள். மஸீஹா குடையை மடக்கி வைத்துவிட்டு, ஆளுக்கொன்றாக ஸ்ட்ரோவை நீட்டத் தொடங்கினார். நீட்டும்போது ஒவ்வொருவரோடும் ஒரு சலாம், ஒரு சுகம் விசாரிப்பு. புதிதாக உள்ளே நுழைந்தவர்களும் அவருக்குச் சலாம் சொன்னார்கள். அவர் முகம் மலர்ந்துகொண்டே போனது.

மண்டப வாசலில் பீபி வந்து நின்று இதைப் பார்த்தார். இடுப்பில் கை வைத்தார்.

"மதினி! அங்க என்ன செய்றீங்க?"

"சும்மா, இந்தப் புள்ளைக்கு ஒரு கை உதவி!"

பீபி உள்ளே போனார். போன வேகத்தில், மிச்சமிருந்த ரோல்ஸ் தட்டைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, சேற்றில் சறுக்கிச் சறுக்கிக் கேட்டடிக்கு வந்து சேர்ந்தார்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றார் மஸீஹாவிடம். மஸீஹா தள்ளி நின்றார்.